அப்பாவின் இருமல் மூன்று வாரம் தாண்டிவிட்டது: எதைப் பார்த்து யோசிக்க வேண்டும்?

#1 உப்புவெளிப்பிள்ளை

வணக்கம் எல்லோருக்கும். அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி, கொஞ்சம் நீளம்.

அவருக்கு 63 வயது. தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலையில் நீண்ட காலம் வேலை செய்தவர். சின்ன வயதிலிருந்தே சுருட்டு. இப்போது விட்டுவிட்டாராம். அம்மா நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மூன்று வாரத்துக்கு மேலாக இருமல் நிற்கவே இல்லை. கேட்டால் “கச்சான் காத்து அடிக்குது, ஊரில் ஆருக்கு இருமல் இல்லை?” என்கிறார். அதுவும் பொய்யில்லை, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாமசியில் வாங்கிய பாணி ஒரு போத்தல் முடிந்து அடுத்ததும் பாதிக்கு வந்துவிட்டது. அம்மா இன்னொரு பக்கம் ஆடாதோடை அவிக்கிறார்.

இருமலைவிட வேறொன்றுதான் எனக்கு உறுத்துகிறது. போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் இருந்து நடந்துதான் போனோம். மேலே ஏறுகிற இடத்தில், கடைகளுக்கு முன்னால் அப்பா நின்றுவிட்டார். அர்ச்சனைத் தட்டு விலை கேட்பவர் போல நின்றார், ஆனால் கேட்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் மேலே ஏற, உதட்டைக் குவித்து விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி மெதுவாக மூச்சை விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழியில் தோல் உள்ளே போய் வந்தது. கடைக்கார அம்மா கண்டுவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். “வெயில்” என்று சொல்லிவிட்டு இருந்தார்.

காய்ச்சல் இல்லை. காலையில் சளி வருகிறது, பெரும்பாலும் வெள்ளை. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் “அந்த லைனில் நின்றால் இல்லாத வருத்தமும் வரும்” என்கிறார். எந்த அடையாளம் இருந்தால் பிடித்து இழுத்துக்கொண்டாவது போக வேண்டும்? அதைத்தான் கேட்கிறேன்.

#2 நிலாவெளிநேசன்

பயப்படாதேங்கோ. தடிமன் வந்து போன பிறகு வறட்டு இருமல் ஒரு மாதம்கூட இழுக்கும். எனக்கும் இழுத்தது, தானாகவே போய்விட்டது. தேன், இஞ்சி, நல்ல ஓய்வு. வயது போனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

#3 மருந்துக்கடைத்தம்பி

அண்ணா, அப்பா பிரஷருக்குக் குளிசை எடுக்கிறாரா? பெட்டியில் என்ன பெயர் என்று பார்த்துச் சொல்லுங்கள். எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ இல் முடிகிற குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். தொண்டையில் ஏதோ சொறிகிற மாதிரி இருக்கும், சளி வராது, எந்தப் பாணிக்கும் கேட்காது. குளிசை தொடங்கி மாதக்கணக்கான பிறகும் வரலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் வேறு குளிசைக்கு மாற்றித் தருவார்கள், மாற்றிய பின் சில வாரத்தில் நின்றுவிடும். பாணி கேட்டு வருகிற வயதானவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

#4 உப்புவெளிப்பிள்ளை

தம்பி, பெட்டியில் லொசார்டன் என்று இருக்கிறது.

#5 மருந்துக்கடைத்தம்பி

அப்போ அது இல்லை. இருமல் வருகிறவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதே பெரும்பாலும் அதுதான்.

#6 வெள்ளைத்தொப்பி

நான் தாதி. நெஞ்சு வருத்த வார்ட்டிலும் பிள்ளைகள் வார்ட்டிலும் வேலை செய்திருக்கிறேன். டொக்டர் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வருத்தத்துக்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

வீட்டார் எல்லோரும் இருமலின் சத்தத்தையும் சளியின் நிறத்தையும்தான் பார்க்கிறார்கள். பச்சைச் சளி வந்தால் அன்ரிபயோட்டிக் வேண்டும் என்று பாமசிக்கு ஓடுகிறார்கள். சாதாரண தடிமனிலும் சளி மஞ்சளாகும், பச்சையாகும். உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும்போது வருகிற நிறம் அது. அதை மட்டும் வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது. நாங்கள் வார்ட்டில் முதலில் பார்ப்பது மூச்சு. எத்தனை தரம் எடுக்கிறார், எவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கிறார், அந்த மூச்சோடு கதைக்க முடிகிறதா.

பெரியவர் ஒருவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் மூச்சு எடுப்பார். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி நெஞ்சையோ வயிற்றையோ ஒரு முழு நிமிடம் கவனியுங்கள். 25க்கு மேல் போனால் வீட்டில் வைத்திருக்கிற விஷயம் இல்லை. 30 என்றால் யோசிக்கவே தேவையில்லை.

அப்புறம் கதைக்கிற விதம். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்துகிறாரா? நிறுத்தினால் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

நீங்கள் எழுதிய கோயில் காட்சியில் மூன்று விஷயம் இருக்கிறது. கையை ஊன்றிக் குனிந்து நிற்பது, உதட்டைக் குவித்து ஊதுவது, கழுத்துத் தசைகள் வேலை செய்வது. மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வரச் சிரமப்படும்போது உடம்பு தானாகவே கண்டுபிடிக்கிற வழிகள் இவை. வயது போனதால் மட்டும் இப்படி வராது. நிலாவெளி அண்ணை மன்னிக்க வேண்டும்.

இன்னும் சிலதைக் கேட்கிறேன், பதில் போடுங்கள். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? நடுச்சாமத்தில் மூச்சுமுட்டி எழும்பி உட்காருகிறாரா? கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது பெருவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? இந்த மூன்றும் நுரையீரலைவிட இதயத்தைச் சந்தேகிக்க வைக்கிற கேள்விகள். இதயம் பலவீனமானால் தண்ணீர் நுரையீரலில் தேங்கும், அதுவும் சிலருக்கு இருமலாகத் தெரியும். உடம்பு மெலிந்திருக்கிறாரா? பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், இரவில் சட்டை நனைகிற வியர்வை? சளியில் எப்போதாவது இரத்தம்?

#7 உப்புவெளிப்பிள்ளை

அக்கா, மிக்க நன்றி. ஒரு தலையணைதான். கால் வீக்கம் இல்லை, அழுத்திப் பார்த்தேன். சாமத்தில் எழும்புவதில்லை, விடியப்புறம் இருமி எழும்புவார், சளி துப்பினால் சரியாகிவிடும். இரத்தம் இல்லை என்கிறார், ஆனால் அவர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. மெலிவுதான் குழப்பம். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். அம்மாவுக்கே தெரியாது. மூச்சு எண்ணினேன், 22.

#8 வெள்ளைத்தொப்பி

பெல்ட் ஓட்டையை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எந்த ஸ்கேனும் கண்டுபிடிக்காத தகவல் அது.

மெலிவும் மூன்று வார இருமலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. நம் நாட்டில் விதி எளிது: இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்க்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு மார்பு நோய்க் கிளினிக் இருக்கிறது. கடிதம் இல்லாமல் நேரேயே போகலாம், பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. காசநோய்தான் என்று நான் சொல்லவில்லை. சுருட்டும் ஆலைத் தூசும் நாள்பட்ட மூச்சுத்தடை நோயைத்தான் அதிகம் நினைவூட்டுகிறது. இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம். நுரையீரலில் கட்டியும் இப்படித்தான் மெலிவோடும் இருமலோடும் தொடங்கும். எக்ஸ்ரே எடுக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

#9 ஓய்வுவாத்தியார்

தாதி மகள் சொன்ன வரிசை சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். நகத்தைப் பாருங்கள். இரு கைகளின் மோதிர விரல்களையும் நகத்தோடு நகம் முட்டும்படி எதிரெதிரே வைத்தால் நகத்தடியில் சின்ன வைர வடிவத்தில் ஒரு இடைவெளி தெரியும். அந்த இடைவெளி மூடிவிட்டால் விரல்நுனி தடித்துவிட்டது என்று பொருள். தென்னாபிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத் தனக்கே இதய உட்சுவர் அழற்சி வந்தபோது தன் விரல்களைக் கவனித்து 1976இல் எழுதிவைத்த முறை இது. நுரையீரல் புற்றுநோய், நாள்பட்டுச் சீழ்ச்சளி தேங்கும் நோய், சில இதய நோய்கள் எல்லாம் விரல்நுனியைத் தடிக்க வைக்கும். சுருட்டுப் புகையால் வருகிற மூச்சுத்தடை நோய் மட்டும் இருந்தால் தடிக்காது. ஆகவே சுருட்டுக்காரருக்கு விரல் தடித்திருந்தால் அதற்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

டொக்டர்மார் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பதும் சும்மா இல்லை. வியன்னாவில் அவன்புருக்கர் 1761இல் அதை எழுதி வெளியிட்டார். காற்று இருக்கிற இடம் ஒலிக்கும், தண்ணீர் தேங்கிய இடம் மந்தமாகக் கேட்கும். லென்னெக் 1816இல் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் இருந்துதான் ஸ்டெதஸ்கோப் வந்தது.

#10 நிலாவெளிநேசன்

சேர் வகுப்பைத் தொடங்கிவிட்டார் :) ஆனால் உண்மையாகக் கேட்கிறேன். ஒரு இருமலுக்கு இவ்வளவா? இதை வாசிக்கிற நூறு பேரில் தொண்ணூறு பேர் இன்றிரவு நகத்தைப் பார்த்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருக்கப் போகிறார்கள்.

#11 வெள்ளைத்தொப்பி

நீங்கள் முதலில் சொன்னது முழுப் பிழை இல்லை அண்ணை. தடிமனுக்குப் பிறகான இருமல் மூன்று வாரம் வரை இழுப்பது சாதாரணம், சிலருக்கு எட்டு வாரம்கூடப் போகும். இளவயது, மெலிவு இல்லை, மூச்சு வாங்கவில்லை, நாளுக்கு நாள் குறைகிறது என்றால் நானும் பிளேன்டீயும் தேனும்தான் சொல்வேன். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடிகிற சளியும், நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும்கூட மாதக்கணக்கில் இருமல் தரும். 63 வயதுச் சுருட்டுக்காரர் பெல்ட்டில் ஓட்டை போடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான்.

#12 கிண்ணியாராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், அவசரம். மகனுக்கு பதினான்கு மாதம். முந்தாநாள் தடிமன். இன்றைக்கு நெஞ்சு கரகர என்கிறது, பால் குடிக்க அலுக்கிறான். மாமி வேது பிடிக்கச் சொல்கிறார். நெஞ்சில் பாம் பூசட்டா? காய்ச்சல் லேசாகத்தான் இருக்கு.

#13 வெள்ளைத்தொப்பி

ராத்தா, வேது வேண்டாம், பாமும் வேண்டாம். கொதிதண்ணியால் வெந்து வருகிற பிள்ளைகளை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். கற்பூரம் சேர்ந்த பாம் இரண்டு வயதுக்குக் கீழே பூசக்கூடாது.

இப்போதே செய்யுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், பிள்ளைகளின் மூச்சு ஒரு சீராக இருக்காது. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். வாசிக்கிற மற்றத் தாய்மாருக்கும் சொல்கிறேன்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60.

எண்ணும்போதே நெஞ்சின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மூச்சு உள்ளே எடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழிவிழுந்தால் நல்லதில்லை. மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, தலை ஆடுவது எல்லாம் அதே வகைதான். உதட்டின் உட்புறமும் நாக்கும் நீலம், பால் குடிக்கவே முடியாமல் போவது, எழுப்ப முடியாத மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு உள்ளிழுக்கையில் கர்ர் என்ற சத்தம் என்றால் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

#14 கிண்ணியாராத்தா

52. இரண்டு தரம் எண்ணினேன். கீழே கொஞ்சம் குழி விழுற மாதிரி இருக்கு.

#15 வெள்ளைத்தொப்பி

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிண்ணியா ஆஸ்பத்திரிக்கே போகலாம், தேவைப்பட்டால் அவர்களே திருகோணமலைக்கு அனுப்புவார்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள். போகும்போது பிள்ளையை நிமிர்த்தி வைத்திருங்கள். வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம்.

#16 தம்பலகாமத்தான்

அந்தப் பிள்ளை நலமாகட்டும்.

ஆலை விஷயம் கண்டேன். நானும் வேளாண்மைக்காரன். சூடடிக்கிற நாளில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் இரவு முழுக்க இருமல், மூக்கெல்லாம் கறுப்பு. என் அயலில் ஒருவருக்கு ஆலைக்குப் போகிற நாளில் மட்டும் நெஞ்சு இறுகும், லீவு நாளில் சும்மா இருப்பார். டொக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே “லீவில் எப்படி இருக்கிறீர்கள்?” என்பதுதான். தூசால் வருகிற தொய்வு (ஆஸ்துமா) அப்படித்தானாம். வேலையை விட்டு விலகினால் குறையும், வருடக்கணக்கில் இழுத்தடித்தால் பிறகு விலகினாலும் குறையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரியில் வயலில் இறங்குகிற ஆட்களுக்கு, அதுவும் சீனி வருத்தம் இருந்தால், காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் சாதாரண சளிக்காய்ச்சல் என்று விடக்கூடாது. மெலியோய்டோசிஸ் என்று ஒன்று இருக்கிறது, கிருமி ஈர மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும். கீறல் காயத்தால் போகும், மூச்சாலும் போகும். வழக்கமான அன்ரிபயோட்டிக் பலதுக்கு அது அசையாது. எலிக்காய்ச்சலும் சிலவேளை நுரையீரலில் இரத்தம் கசிய வைக்கும். ஆஸ்பத்திரியில் “வயலில் இறங்கினேன்” என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

#17 மருந்துக்கடைத்தம்பி

இதைச் சொன்னதற்கு நன்றி அண்ணை. அமொக்சிலின் ஐந்து குளிசை தா என்று வருகிறவர்களிடம் படித்துக்காட்டப் போகிறேன்.

#18 முட்டுக்காரன்

பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு எட்டு வயதிலிருந்து முட்டு, அதாவது தொய்வு. அதனால் என் பக்கத்து அனுபவம்.

தொய்வு என்றால் விசில் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பலருக்குச் சத்தமே இல்லாமல் இருமல் மட்டும் இருக்கும். சாமம் தாண்டி விடியப்புறம் கூடும், சிரித்தால் வரும், ஓடினால் வரும், நுளம்புத்திரிப் புகைக்கும் சாம்பிராணிக்கும் வரும். பகலில் டொக்டரிடம் போனால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். அதனால் எந்த நேரத்தில் வருகிறது என்று சொல்வது முக்கியம்.

சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நெஞ்சு திடீரென்று அமைதியானால் சுகம் வந்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். ஆள் களைத்து, கதைக்க முடியாமல், வியர்த்துக்கொண்டு இருந்தால் அந்த அமைதிதான் கடைசி எச்சரிக்கை. காற்றே போகவில்லை, சத்தம் எங்கிருந்து வரும்? என்னை ஒருமுறை அந்த நிலையில் கொண்டுபோனார்கள்.

முட்டு வந்ததும் வாயில் அடிக்கிற நீல பம்ப் (இன்ஹேலர்) பற்றியும் சொல்கிறேன். அது அந்த நேரத்துக்குக் குழாயைத் திறந்துவிடும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் அது தேவைப்பட்டால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை. 2019இல் இருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டிகளே பெரியவர்களுக்கு நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றன. ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் வீக்கத்தைக் குறைக்கக் கிளினிக்கில் தருகிற மண்ணிற பம்பை அலுமாரியில் வைத்துவிட்டு நீலத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

#19 சித்தமாணவி

ஆடாதோடை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி உருவானது. பாமசியில் விற்கிற அதே மருந்து. ஆகவே உப்புவெளி அம்மா அவிப்பது வெறும் நம்பிக்கை இல்லை, சளியை இளக்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

ஆனால் சளி இளகுவது வேறு, வருத்தம் எது என்று தெரிவது வேறு. எங்கள் ஆசிரியர்களே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் பார்க்காமல் நாள்பட்ட இருமலுக்கு மருந்து தொடங்குவதில்லை.

#20 நிலாவெளிநேசன்

வீட்டில் கொரோனா நேரம் வாங்கிய, இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டுகிற விரல்மாட்டி இருக்கிறது. அதில் 97 என்றால் போதாதா? இவ்வளவு எண்ணத் தேவையா?

#21 மருந்துக்கடைத்தம்பி

அது நல்ல சாமான்தான் அண்ணை, ஆனால் அது ஒன்றே போதாது. நகப்பூச்சு, குளிர்ந்த கை, ஆடுகிற விரல் எல்லாம் பிழையாகக் காட்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதும் தெரிந்த விஷயம். சாதாரணமாக 95க்கு மேல் இருக்க வேண்டும். 94க்குக் கீழே என்றால் அன்றைக்கே காட்டுங்கள், 92க்குக் கீழே என்றால் உடனே. நாள்பட்ட மூச்சு நோயாளிகள் சிலருக்கு வழமையான அளவே குறைவாக இருக்கும், அவர்களுக்கான எண்ணை அவர்களின் டொக்டர்தான் சொல்ல வேண்டும். 97 காட்டிக்கொண்டே நிமிடத்துக்கு 30 மூச்சு எடுப்பவரும் உண்டு. அந்த 97ஐப் பிடித்துவைக்கத்தான் அவர் பாடுபடுகிறார்.

#22 வெள்ளைத்தொப்பி

தம்பி சொன்னது சரி. இழை நீண்டுவிட்டது, ஆனால் திடீரென்று வருகிறவற்றை யாரும் தொடவில்லை.

நல்லாக இருந்தவருக்குச் சட்டென்று ஒரு பக்க நெஞ்சில் குத்தும் மூச்சுத்திணறலும் வந்தால், அதுவும் உயர்ந்து மெலிந்த இளைஞனுக்கு, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருக்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிறகோ, கொழும்புக்கு நீண்ட பஸ் பயணம் போய் வந்த பிறகோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்து பிறகு மூச்சு வாங்கினால், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மூச்சை இழுக்கும்போது மட்டும் கத்தியாகக் குத்தினால் நுரையீரல் உறையில் அழற்சி இருக்கலாம். நெஞ்சை அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்து மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாக இருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டுமாகவும் வரும். கச்சான் கொட்டையோ தோடோ விழுங்கிய பிறகு ஒரு சின்னப் பிள்ளைக்குத் திடீர் இருமலும் ஒரு பக்க விசிலும் என்றால் அது தடிமன் இல்லை, உள்ளே ஏதோ போயிருக்கிறது.

இவை எல்லாம் 1990. முகநூலில் கேட்கிற விஷயம் இல்லை, இங்கே கேட்கிற விஷயமும் இல்லை.

இரத்தம் துப்புவது பற்றி ஒன்று. இருமலோடு, நுரையோடு, சிவப்பாக வந்தால் நெஞ்சில் இருந்து. சத்தியோடு, கறுத்து, சாப்பாட்டோடு வந்தால் வயிற்றில் இருந்து. ஒரு தேக்கரண்டி என்றாலும் காட்ட வேண்டும். குரல் அடைத்து மூன்று வாரத்துக்கு மேல் திறக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும், முக்கியமாகப் புகைப்பவர்கள்.

#23 கிண்ணியாராத்தா

அல்ஹம்துலில்லாஹ். நேற்று வந்துவிட்டோம். சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் வைரஸால் வருகிற வீக்கமாம். ஒட்சிசன் வைத்தார்கள், மூக்கை உப்புத்தண்ணியால் சுத்தம் செய்தார்கள். அன்ரிபயோட்டிக் தரவில்லை, மாமி ஏன் தரவில்லை என்று சண்டை பிடிக்கப் போய்விட்டார். மூன்றாம் நான்காம் நாளில்தான் உச்சத்துக்குப் போகுமாம், நாங்கள் போன நாள் அதுதான். இருமல் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும் என்றார்கள். இப்போது பால் குடிக்கிறான். மாமியும் சமாதானம். நுளம்புத்திரியை எடுத்து எறிந்துவிட்டு வலை கட்டியாச்சு.

#24 உப்புவெளிப்பிள்ளை

மிகவும் சந்தோஷம் ராத்தா.

எங்கள் பக்கமும் ஒரு செய்தி. அப்பாவைக் கூட்டிப்போனோம். நான் கூப்பிட்டு வரவில்லை. அம்மா பெல்ட்டை எடுத்து மேசையில் வைத்தார், ஒன்றும் கதைக்கவில்லை. மறுநாள் காலை அவரே சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

சளி இரண்டு தரம் பார்த்தார்கள், காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் காற்றடைத்து நீண்டிருக்கிறது, கட்டி ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சை நிறைய இழுத்து, முடிந்த வேகத்தில் முழுக்க ஊத வேண்டும். முதல் செக்கனில் வெளியே வருகிற காற்று, மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழாய் சுருங்கியிருக்கிறதாம். அப்பாவுக்கு அதைவிட நல்லாகவே குறைவு, பம்ப் அடித்துவிட்டு ஊதியபோதும் பெரிதாக ஏறவில்லை. தாதி அக்கா முதலே சொன்ன நாள்பட்ட மூச்சுத்தடை நோய். மூச்சுக்கே இவ்வளவு சக்தி செலவாகிறது, சாப்பிடும்போதும் களைக்கிறது, மெலிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்றார் டொக்டர். ஆனாலும் நிறையைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமாம்.

சுருட்டுப் பெட்டியை டொக்டர் முன்னாலேயே சட்டைப் பையில் இருந்து எடுத்து வைத்தார். ‘விட்டுவிட்ட’ சுருட்டு.

#25 வெள்ளைத்தொப்பி

நல்ல செய்தி. போன நுரையீரல் திரும்பி வராது, ஆனால் சுருட்டை விட்டால் இனிக் குறைகிற வேகம் குறையும். எந்த மருந்தும் அந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்வதில்லை. பம்பை நேரே வாயில் அடிக்காமல் ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற குழாய்) அடிக்கச் சொல்லுங்கள், நேரே அடித்தால் பெரும்பகுதி தொண்டையில்தான் ஒட்டும். ஸ்டெரொய்ட் பம்ப் தந்திருந்தால் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். வருடத்துக்கு ஒருமுறை இன்ஃபுளுவன்ஸா ஊசி பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள்.

#26 தம்பலகாமத்தான்

ஒரு கேள்வி தாதி அக்கா. எங்கள் வீட்டில் கிழவனுக்கும் இருமல் ஒன்றரை மாதம். சளி கொடுக்கக் கூப்பிட்டால், துப்பல்தான் வருகிறது, சளி வருவதில்லை என்கிறார். எப்படி எடுப்பது?

#27 வெள்ளைத்தொப்பி

துப்பலைக் கொடுத்தால் பரிசோதனை வீண். ஒரு மாதிரி கிளினிக்கிலேயே எடுப்பார்கள், மற்றதுக்குப் போத்தல் தந்து அனுப்புவார்கள். காலையில் எழும்பியதும் சாப்பிட முதல், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். முற்றத்துக்குப் போகட்டும், குசினிக்குள்ளோ பிள்ளைகள் படுக்கிற அறையிலோ வேண்டாம். இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அடுத்ததைப் பிடித்து, வயிற்றில் இருந்து இரும வேண்டும். போத்தலை உதட்டோடு வைத்துத் துப்பி உடனே மூடியை இறுக்குங்கள். பெயரை மூடியில் எழுதாமல் போத்தலில் எழுதுங்கள், மூடி மாறிவிடும். வெயில்படாமல் அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள். முந்திய இரவு தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் சுலபமாக வரும்.

#28 தம்பலகாமத்தான்

சரி. நாளைக்கு ஓட்டோவுக்குச் சொல்லியாச்சு.